ஒரே ஒரு கிணறு: பாலை மணலா, டெல்டா மணலா, ஆழ்கடல் மணலா?

பிரிட்டனுக்கும் நார்வேக்கும் நடுவே உள்ள வட கடலுக்கு அடியிலிருந்து துளைத்தெடுத்த பாலைவன மணற்கல் உருளை ஒன்றை நீளவாட்டில் அறுத்து மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். செம்பழுப்பு நிறம். சாய்வாக ஓடும் வரிகள். சில விரற்கனம், சில நகக்கனம். சொட்டு மருந்துக் குழாயால் பருமணல் வரியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், விழுந்த தடம் தெரியாமல் உள்ளே போய்விடும். ஒரு சென்டிமீட்டர் தள்ளி நுண்மணல் வரியின் மேல் இன்னொரு சொட்டு விட்டால் மேலேயே தயங்கி நின்று மெல்ல மெல்லத்தான் உள்ளே இறங்கும். கல் ஒன்றுதான், ஒரே மணல்மேட்டில் ஒரே காற்று சேர்த்த மணல்தான். ஒரு வரி வாசல், அடுத்த வரி சுவர்.

இந்த வேறுபாட்டை நம்பித்தான் ஒரு முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது. வட கடலில் ஒரே ஒரு கிணறு துளைக்கப் பணம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று இடங்கள் கைக்குக் கிடைக்கின்றன. மூன்றிலும் வரைபடத்தில் தெரியும் மேட்டின் பரப்பு ஏறக்குறைய ஒன்றுதான். முதல் இடத்தில் பெர்மியன் காலத்துப் பாலைவன மணற்கல். இரண்டாவதில் நடு ஜுராசிக் காலத்து டெல்டா மணற்கல். மூன்றாவதில் பாலியோசீன் காலத்தில் ஆழ்கடல் தரைக்குச் சரிந்து படிந்த மணற்கல். எதில் துளைப்பது? வகுப்பறைக் கணக்குப் போலத் தோன்றும். ஆனால் 1960கள் தொடங்கி வட கடலில் நிஜப் பணத்தை வைத்துக் கேட்கப்பட்டு வரும் கேள்வி இது. மூன்று வகை மணலும் ஒரே கடலுக்கு அடியில் கிடைப்பதால் ஒப்பிட இதைவிட வசதியான இடம் எனக்குத் தெரியவில்லை.

பெரும்பாலான ஒப்பீடுகள் மூன்று பாறைகளின் சராசரி நுண்துளை அளவையும் சராசரி ஊடுருவுதிறனையும் (பாறை வழியே திரவம் எவ்வளவு எளிதாக ஓடும் என்ற அளவு) ஒரு அட்டவணையில் போட்டுவிட்டு, பெரிய எண் எதற்கோ அதையே தேர்ந்தெடுக்கச் சொல்லும். அந்த அட்டவணையை நான் நம்புவதில்லை. எண்ணெய் வந்து சேரும் வழிக்கு வேண்டிய குணம் ஒன்று, வந்த எண்ணெய் தங்குவதற்கு வேண்டிய குணம் வேறொன்று. பல சமயம் இரண்டும் ஒன்றுக்கொன்று பகை. போதாததற்கு, ஒரே கிணறு சொல்லும் செய்தியை எத்தனை கிலோமீட்டர் தூரம் நம்பலாம் என்பது மணலுக்கு மணல் மாறுகிறது.

சராசரி ஏமாற்றும் விதம்

மூலப்பாறையில், அதாவது எண்ணெய் பிறக்கும் பாறையில், வெந்து பிரிந்த எண்ணெய், நீர் நிரம்பிய நுண்துளைகளின் வழியே மேலே ஏறுகிறது. நீரைவிட இலகு என்பதுதான் அதன் ஒரே பலம். எதிர்ப்பது தந்துகி விசை: நீர் ஈரமாக்கிய இடுக்கு ஒன்றில் எண்ணெய்த் துளி நுழைய, இடுக்கு எவ்வளவு குறுகலோ அவ்வளவு அழுத்தம் வேண்டும். எண்ணெய்க்கும் நீருக்கும் இடையிலான பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.03 நியூட்டன், அடர்த்தி வேறுபாடு கன மீட்டருக்கு 250 கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 மைக்ரான் ஆரமுள்ள இடுக்குக்குள் நுழைய, கீழே சுமார் 1.2 மீட்டர் உயர எண்ணெய் சேர்ந்து முட்டினால் போதும். 2 மைக்ரான் என்றால் 12 மீட்டர். களிப்பாறையின் 0.05 மைக்ரான் இடுக்கு என்றால் ஏறக்குறைய 490 மீட்டர். முதலாவது வழி, கடைசியானது மூடி. நடுவில் உள்ளதுதான் தொல்லை. கொஞ்சம் எண்ணெய் வந்தால் அது சுவர். நிறைய வந்தால் வாசல்.

இப்போது சராசரிக்கு வருவோம். பத்து மீட்டர் கனமுள்ள ஒரு படிவு. ஊடுருவுதிறனை டார்சி என்ற அலகில் அளப்பார்கள்; அதில் ஆயிரத்தில் ஒன்று மில்லிடார்சி. ஒன்பது மீட்டர் 1,000 மில்லிடார்சி மணல், நடுவே ஒரு மீட்டர் 0.1 மில்லிடார்சி சேற்றுப்பாறை. பக்கவாட்டில் ஓடும் எண்ணெய்க்கு இந்தப் படிவின் ஊடுருவுதிறன் 900 மில்லிடார்சி. மேல்நோக்கி ஏறும் எண்ணெய்க்கு? வெறும் 1 மில்லிடார்சி. பாறை மாறவில்லை, திசைதான் மாறியது. அட்டவணையில் இந்த இரண்டு எண்களில் எதைப் போடுவது என்று யாராவது கேட்டால், எண்ணெய் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

இன்னொரு விஷயத்தை நம் ஊர் ஏரித்தொடரை வைத்தே புரிந்துகொள்ளலாம். மேல் ஏரி நிரம்பிக் கலிங்கு வழிந்தால்தான் கீழ் ஏரிக்குத் தண்ணீர். எண்ணெய்க்கும் அதே முறைதான், தலைகீழாக. ஆழத்தில் உள்ள பொறி, அதாவது எண்ணெய் மேலே தப்ப முடியாமல் மூடிக்கு அடியில் சேரும் மேடு, முதலில் நிரம்பும். அதன் விளிம்பைத் தாண்டி வழிவது அடுத்த உயரத்தில் உள்ள பொறிக்குப் போகும். 1954ல் வில்லியம் கஸ்ஸோ இதில் ஒரு நுட்பத்தைச் சேர்த்தார்: வாயு பொறியின் உச்சியைப் பிடித்துக்கொண்டு எண்ணெயைக் கீழ் விளிம்பு வழியாக வெளியே தள்ளுவதால், ஆழத்துப் பொறிகளில் வாயுவும் மேட்டுப் பொறிகளில் எண்ணெயும் நிற்கலாம். இந்தத் தொடரில் கால்வாய் வேலை பார்ப்பது மணற்கல். கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது, எங்கே திறந்திருக்கிறது என்று தெரியாமல் எந்த ஏரி நிரம்பும் என்று சொல்ல முடியாது.

தெரியாமல் போனதன் விலைக்கு ஒரே உதாரணம் போதும். நார்வே 1965ல் முதல் உரிமங்களைக் கொடுத்தது. வட கடலின் நார்வேப் பக்கத்தில், கடலடியில் உள்ள உட்சிரா மேட்டின் கிழக்குப் பக்கத்துக்கு எண்ணெய் வந்து சேராது என்று நெடுங்காலம் பலரும் நம்பினார்கள். யோஹான் ஸ்வெர்ட்ரூப் என்ற எண்ணெய் வயல் அங்கே கிடைத்தது 2010ல். மதிப்பிட்ட இருப்பு சுமார் 270 கோடி பீப்பாய். மணல் சில இடங்களில் சில மீட்டர் கனம்தான். ஆனால் ஊடுருவுதிறன் டார்சிக் கணக்கில். மெல்லிய கால்வாய்தான், தண்ணீர் மட்டும் நிற்கவே இல்லை.

முதல் இடம்: பாலை மணல்

பெர்மியன் காலப் பாலைவனத்தின் மணற்கல்லை ராட்லீகெண்ட் என்பார்கள். 1959ல் நெதர்லாந்தின் ஸ்லாக்டெரன் அருகே துளைத்த கிணறு கிரோனிங்கன் வயலைக் காட்டியது, சுமார் 2.8 லட்சம் கோடி கன மீட்டர் எரிவாயு. வட கடலுக்குள் எல்லோரும் இறங்கக் காரணமே இதுதான். 1966ல் பிரிட்டன் பக்கத்தில் லெமன் வயல் கிடைத்தது. அதுவும் இதே பாலை மணல்.

எண்ணெயும் வாயுவும் பிறந்த பாறையிலிருந்து பொறிக்கு வந்து சேரும் இடப்பெயர்ச்சி என்ற பார்வையில் இது சோம்பேறிகளுக்கு ஏற்ற இடம் என்றே சொல்லலாம். கார்பனிஃபெரஸ் கால நிலக்கரி அடியிலேயே இருக்கிறது. அதிலிருந்து பிரியும் வாயு நேரே மேலே ஏறினால் மணல். அதற்கும் மேலே சேக்ஸ்டைன் என்ற பழங்காலக் கடல் வற்றிப் படிந்த உப்பு. உப்பைவிட நல்ல மூடி உலகில் இல்லை. விரிசல் விட்டாலும் மெல்ல வழிந்து தானே மூடிக்கொள்ளும். உப்பு மெலிந்தோ பிளவால் துண்டாகியோ போன இடங்களில் மட்டுமே வாயு தப்பும். ஹூவெட் வயலில் மேலே உள்ள டிரையாசிக் மணலில் வாயு இருப்பது அப்படித் தப்பியதால்தான்.

நான் தொடக்கத்தில் சொன்ன வரிகள் இந்தக் கதையில் எங்கே வருகின்றன? மணல்மேட்டின் காற்று மறைவுப் பக்கத்தில் சரிந்து விழும் மணல் பருமனாகவும் தளர்வாகவும் இருக்கும். காற்று அலையலையாக ஒதுக்கும் மணல் நுண்ணியதாகவும் நெருக்கமாகவும் இருக்கும். மேடுகளுக்கு நடுவே உப்புப் படிந்த ஈரத்தளங்களும், எப்போதாவது வரும் வெள்ளம் இழுத்துவந்த ஓடை மணலும் உண்டு. ஆனால் வாயு எண்ணெயைவிட இலகு. வந்து சேர அதற்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் அவகாசமும் இருந்தது. நுண்வரிகளைச் சுற்றிக்கொண்டு போய்விடும். சிக்கல் வருவது பின்னால், அதே வாயுவை இருபது ஆண்டுக்குள் கிணறு வழியாக வெளியே எடுக்க நினைக்கும்போது. பூமிக்கு இருந்த பொறுமை வங்கிக் கடனுக்கு இல்லை.

இன்னொரு எதிரி, இல்லைட் என்ற களிமண் கனிமம். மணல் ஆழமாகப் புதைந்து சூடேறும்போது நுண்துளைகளுக்குள் மயிரிழை இழையாக வளரும். நுண்துளையின் கொள்ளளவு அதிகம் குறையாது. ஆனால் நூலாம்படை கட்டிய ஜன்னலைப் போல வழி அடைபடும். ஊடுருவுதிறன் பத்தில் ஒன்றாகவும், சில இடங்களில் நூறில் ஒன்றாகவும் விழுந்துவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், துளைத்தெடுத்த உருளையை வழக்கம்போல வெப்ப அடுப்பில் உலர்த்தினால், அந்த இழைகள் ஈரத்தலைமுடி போல துளைச் சுவரோடு ஒட்டிப் படிந்துவிடும். ஆய்வகத்தில் அளந்தால் ஊடுருவுதிறன் உள்ளதைவிடப் பல மடங்கு நன்றாக வரும். அந்த எண்ணை நம்பிக் கிணறு போட்டால், பாறை எழுத்துப் பூர்வமாகக் கொடுத்த வாக்கைக் கடலடியில் மறுத்துவிடும். இழைகள் கலையாமல் உலர்த்தும் முறை 1980களிலேயே தெரியும். ஆனாலும் பழைய அறிக்கைகளில் எந்த முறையில் உலர்த்தினார்கள் என்ற குறிப்பே இல்லாமல் எண் மட்டும் இருக்கும்.

இன்றைய ஆழத்தைப் பார்த்து இதை மதிப்பிடவும் முடியாது. தெற்கு வட கடலின் சோல் பிட் பகுதி ஒரு காலத்தில் மிக ஆழத்தில் இருந்து, பின்னர் மேலே தூக்கப்பட்டது. இப்போது ஆழம் மிதமாகத்தான் தெரியும். மணலோ தன் பழைய ஆழத்தின் வடுக்களைச் சுமந்து இறுகிக் கிடக்கிறது. பாலை மணலில் கேட்க வேண்டியது, இந்த மணல் எப்போதாவது எட்டிய அதிகபட்ச ஆழம் எவ்வளவு என்பதைத்தான்.

கிரோனிங்கனின் பின்கதையும் இந்த இடத்துக்குப் பொருந்தும். மணல் விரிந்து பரந்து ஒன்றோடொன்று தொடர்பாக இருந்ததால் வாயுவை எடுக்க எடுக்க அழுத்தம் பெரும்பரப்பில் இறங்கியது, மணல் அமுங்கியது, பழைய பிளவுகள் அசைந்தன. 2012ல் ஹூய்சிங்கெயில் 3.6 அளவு நிலநடுக்கம். 2023 அக்டோபரில் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள்.

இரண்டாவது இடம்: டெல்டா மணல்

உலகின் எண்ணெய் விலை இன்றும் பிரென்ட் என்ற பெயரில்தான் சொல்லப்படுகிறது. ஷெல் நிறுவனம் தன் பிரிட்டன் வயல்களுக்கு நீர்ப்பறவைகளின் பெயர் வைத்து வந்தது. 1971ல் கிடைத்த வயலுக்கு பிரென்ட் என்ற ஒரு வாத்தினத்தின் பெயர். பிறகு அதன் மணற்கல்லை ஐந்தாகப் பிரித்தபோது, ப்ரூம், ரானக், எட்டிவ், நெஸ், டார்பர்ட் என்று ஸ்காட்லாந்து ஏரிகளின் பெயர்களை, ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்தால் பிரென்ட் என்று வரும்படி வைத்தார்கள். நிலவியலாளர்களுக்கும் விளையாட்டுப் புத்தி உண்டு.

ஐந்து பெயரும் ஒரு டெல்டாவின் வரலாறு. வடக்கு நோக்கி முன்னேறிய கடற்கரை ரானக்கையும் எட்டிவையும் விட்டுச் சென்றது. பின்னால் வந்த சதுப்பும் ஆற்றுக் கால்களும் நெஸ். கடல் திரும்பி ஏறியபோது டார்பர்ட். ரானக்கில் அபிரகத் தகடுகள் மின்னும். அவை கிடைமட்டமாகப் படுத்திருப்பதால் மேல்நோக்கிய ஓட்டத்தைத் தடுக்கும், ஊடுருவுதிறனும் குறைவு. அதற்கு மேலே உள்ள எட்டிவ் சுத்தமான பருமணல். பல மடங்கு தாராளம். இந்த ஜோடி எண்ணெய் எடுப்பவர்களுக்குத் தலைவலி. அழுத்தத்துக்காகச் செலுத்தும் நீர் எட்டிவ் வழியாக ஓடி முந்திக்கொள்ளும். கீழே ரானக்கில் எண்ணெய் அப்படியே நிற்கும்.

எண்ணெய் இங்கே வந்து சேரும் விதமே விசித்திரம். மூலப்பாறையான கிம்மரிட்ஜ் களிப்பாறை வயதில் இளையது. பிரென்ட் மணலுக்கு மேலே படிந்தது. மேலே இருப்பதிலிருந்து கீழே இருப்பதற்கு எண்ணெய் எப்படி வரும்? பிளவுகளால்தான். தரை உடைந்து சாய்ந்த கட்டிகளாக இறங்கியபோது, பள்ளத்துக்குள் போன கிம்மரிட்ஜ், மேட்டில் நின்ற பிரென்ட்டைவிட ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்குச் சென்றது. அங்கே வெந்த எண்ணெய், பிளவின் குறுக்கே மணலோடு மணல் தொட்ட இடங்களிலும் கட்டியின் சரிவு வழியாகவும் ஏறி வந்தது. ஆக, இந்த இடத்தில் வாசலும் சுவரும் பிளவின் முகத்தில்தான் தீர்மானமாகின்றன. எட்டிவுக்கு எதிரே எட்டிவ் வந்து நின்றால் எண்ணெய் கடக்கும். எட்டிவுக்கு எதிரே நெஸ் சேறு வந்தால் நிற்கும். பிளவு நகரும்போது சேறு அதன் முகத்தில் சாந்து பூசியதுபோல இழுபட்டிருந்தால், மணலும் மணலும் எதிரெதிரே இருந்தும் அடைபடலாம். பிளவின் நகர்வு முப்பது மீட்டர் கூடினாலோ குறைந்தாலோ விடை மாறும். ஒரு கட்டியில் எண்ணெய்-நீர் மட்டம் ஓரிடம், பக்கத்துக் கட்டியில் வேறிடம் என்பது இந்தப் பகுதியில் அன்றாடச் செய்தி.

நெஸ் இன்னொரு உலகம். அதில் மணல் என்பது சேற்றுக்குள் புதைந்த பழைய ஆற்றுக் கால்கள். ஒரு கிணற்றில் பத்து மீட்டர் மணல் இருக்கும். ஒரு கிலோமீட்டர் தள்ளிய கிணற்றில் அதே மட்டத்தில் நிலக்கரிக் கீற்றும் களியும்தான் இருக்கும். கோடைக்காலத்தில் ஆற்றில் ஊற்றுத் தோண்டியவர்களுக்கு இது புதிதல்ல. இந்தக் குழியில் கணுக்கால் ஆழத்தில் தண்ணீர், பத்தடி தள்ளிக் குழி எடுத்தால் வெறும் களி. கால்கள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்பதற்குக் கணித மாதிரிகள் ஒரு வாசலைச் சொல்கின்றன. மணலின் பங்கு சுமார் 25 முதல் 30 சதவீதத்தைத் தாண்டும்போது முப்பரிமாணத்தில் கால்கள் சட்டென்று ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். அதற்குக் கீழே ஒவ்வொன்றும் தனித்தீவு. தனித்தீவுக்கு எண்ணெய் வந்து சேராது. வந்தாலும் ஒரு கிணற்றுக்கு மேல் தாங்காது.

பார்ப்பதற்கு நன்றாகத் தெரியும் ஆற்று மணல் எப்படிக் காலை வாரும் என்பதை வெகு வடக்கே, பாரன்ட்ஸ் கடலில் உள்ள ஸ்னோவிட் வயலில் கண்டார்கள். அங்கே வாயுவோடு வரும் கார்பன் டை ஆக்சைடைப் பிரித்து 2008 முதல் டூபோவன் என்ற ஆற்று-டெல்டா மணற்கல்லுக்குள் திருப்பிச் செலுத்தினார்கள். எதிர்பார்த்ததைவிட வேகமாக அழுத்தம் ஏறியது. கால்கள் மூடிய அறைகளாக இருந்ததால் செலுத்தியது விரிந்து செல்ல இடமில்லை. 2011ல் அந்த அடுக்கைக் கைவிட்டு, அதே கிணற்றிலிருந்து மேலே உள்ள ஸ்டோ மணற்கல்லுக்கு மாற்றினார்கள். ஸ்டோ கடலோரத்தில் பரந்து படிந்த மணல்; பேசாமல் வாங்கிக்கொண்டது. எண்ணெய் தேடுபவருக்கு இதில் உள்ள பாடம் தலைகீழானது: செலுத்தினால் போகாத அறைக்குள் எண்ணெயும் எளிதில் வந்திருக்காது.

மூன்றாவது இடம்: ஆழ்கடல் மணல்

1970ல் பிபி நிறுவனம் கண்ட ஃபோர்டீஸ் வயல்தான் இதற்கு முகம். சுமார் ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன், ஐஸ்லாந்து எரிமலைப் பகுதியின் எழுச்சியோடு ஸ்காட்லாந்தும் ஷெட்லாந்து மேடும் உயர்ந்தன. அரித்து வந்த மணல் கண்டத்திட்டின் விளிம்பில் குவிந்து, அவ்வப்போது கலங்கல் வெள்ளமாகச் சரிந்து, ஆழ்கடல் தரையில் விசிறியாக விரிந்தது. நடுவில் தடித்த வாய்க்கால் மணல். ஓரங்களில் மணலும் சேறும் மாறி மாறி மெல்லிய ஏடுகள். ஆழம் குறைவு, வெப்பம் குறைவு. அதனால் இல்லைட் தொல்லை அதிகம் இல்லை. ஃபோர்டீஸ் 250 கோடி பீப்பாய்க்கு மேல் கொடுத்துவிட்டது.

இங்கே கேள்விக்குறி எண்ணெயின் பயணம். மூலப்பாறை அதே கிம்மரிட்ஜ். ஆனால் அதற்கும் இந்த மணலுக்கும் நடுவே பல நூறு மீட்டர் சுண்ணப்பாறை. பிளவுகளும் உப்பு முட்டி எழுந்த குவிமாடங்களும் உள்ள இடங்களில் எண்ணெய் அதைக் கடந்து ஏறியது. மற்ற இடங்களில் கீழேயே நின்றுவிட்டது. கடந்துவிட்டாலோ, விசிறி மணல் ஒரு நெடுஞ்சாலை. பக்கவாட்டில் வெகுதூரம் ஓடும். ஓடியதன் முடிவை ஷெட்லாந்து மேட்டின் விளிம்பில் பார்க்கலாம்: மரைனர் வயலின் எண்ணெய் ஆழம் குறைந்த, குளிர்ந்த மணலுக்கு வந்து சேர்ந்து, நுண்ணுயிரிகள் தின்று, பாகு போலத் தடித்துவிட்டது. 1981ல் கண்டது, உற்பத்தி தொடங்கியது 2019ல்தான்.

மணலுக்குள் ஒன்று இடம்பெயர்வதை நேராகப் பார்க்க முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு வட கடலில் உள்ள ஸ்லைப்னர் வயல் ஒரு கொடை. அங்கே 1996 முதல் கார்பன் டை ஆக்சைடை, கடல்மட்டத்துக்குச் சுமார் 1,000 மீட்டர் கீழே, உட்சிரா மணலின் அடியில் செலுத்தி வருகிறார்கள். 200 மீட்டருக்கு மேல் கனம், இறுகாத மணல்; கிணற்றுப் பதிவில் நடுநடுவே ஒரு மீட்டர் அளவு சேற்று ஏடுகள் தெரிந்தன, ஆனால் அவற்றை யாரும் பெரிதாக எண்ணவில்லை. 1999ல் நிலஅதிர்வு ஆய்வு (ஒலி அலைகளைக் கீழே அனுப்பி, எதிரொலியால் நிலத்தடியைப் படமெடுப்பது) செய்தபோது, வாயு ஒரே தூணாக ஏறியிருக்கவில்லை. ஒவ்வொரு ஏட்டின் அடியிலும் விரிந்து, தேங்கி, பிறகு கசிந்து, ஒன்பது அடுக்குகளாகத் தெரிந்தது. உச்சி அடுக்கையும் தொட்டிருந்தது, மூன்றே ஆண்டில்! அந்த ஏடுகள் ஓட்டத்தை நிறுத்தவில்லை, திசையைத் திருப்பின. இந்தப் படத்தைப் பார்த்த பிறகு, மெல்லிய சேற்று ஏட்டைக் கணக்கிலிருந்து தள்ளும் எந்த இடப்பெயர்ச்சி மாதிரியையும் நான் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

எடுக்கும்போதும் இதே ஏடுகள் வேலை காட்டும். 2003ல் ஃபோர்டீஸை பிபியிடமிருந்து அபாச்சி நிறுவனம் வாங்கியபோது அது முடிந்துபோன வயல் என்றே பலர் எண்ணினார்கள். மீண்டும் மீண்டும் எடுத்த நிலஅதிர்வுப் படங்களை ஒப்பிட்டு, நீர் சுற்றிக்கொண்டு போன எண்ணெயைத் தேடிப் புதிய கிணறுகள் போட்டு எடுத்தார்கள். இத்தனை தாராளமான மணலிலும் மூலைமுடுக்கு உண்டு.

மூடியிலும் ஒரு பலவீனம் இருக்கிறது. இறுகாத மணல் அழுத்தம் தாங்காமல் மேலே உள்ள சேற்றுப்பாறைக்குள் ஊசி போட்டதுபோல ஏறிவிடும். வட கடலின் பாலியோசீன், இயோசீன் படிவுகளில் இது நிறைய. ஏறிய மணல் ஓரிடத்தில் மூடியின் ஓட்டை. வோலுண்டு வயலில் அதுவே எண்ணெய் எடுக்கும் பாறை. நிலஅதிர்வுப் படத்தில் பறவைச் சிறகு போலத் தெரியும் அந்த உருவங்கள் அழகாகத்தான் இருக்கும். நம் மேட்டின் உச்சியில் அப்படி ஒன்று தெரிந்தால் எனக்குத் தூக்கம் வராது.

சரி, எதில் துளைப்பது?

டெல்டாவை முதலில் ஒதுக்குகிறேன். மூன்றில் புகழ் அதிகம் உள்ளது அதுதான் என்பதால் இது விநோதமாகத் தோன்றலாம். அங்கே எண்ணெய் கிடைக்க வாய்ப்பு குறைவு என்பதால் ஒதுக்கவில்லை. முதல் கிணறு அங்கே சொல்லும் செய்தி ஒரு கட்டிக்கு உள்ளேயே முடிந்துவிடும். எண்ணெய் கிடைத்தால் பக்கத்துக் கட்டியைப் பற்றித் தெரியாது, கிடைக்காவிட்டாலும் தெரியாது. பிளவின் முகத்தில் எது எதைத் தொடுகிறது, நெஸ் கால்கள் கோத்திருக்கின்றனவா என்று அறிய நான்கைந்து கிணறுகள் வேண்டும். ஐந்து கிணற்றுக்குப் பணம் உள்ளவர், பக்கத்தில் ஏற்கெனவே மேடையும் குழாயும் வைத்திருப்பவர், தாராளமாக அதையே எடுக்கட்டும். அவருக்கு மூன்றிலும் சிறந்தது அதுதான். ஒற்றைக் கிணற்றுக்காரருக்கு அல்ல.

மிச்சமுள்ள இரண்டும் இரண்டு வேறு அச்சங்கள். பாலை மணலில் வெறும் கிணறு ஆகும் அச்சம் குறைவு: மூலப்பாறை அடியில், உப்பு தலைக்கு மேல். அங்கே பயப்பட வேண்டியது, வாயு இருந்தும் வெளியே வராமல் முரண்டு பிடிப்பதைத்தான். ஆழ்கடல் மணலில் நேர் எதிர். இருந்தால் தாராளமாக வரும். இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. வெளியே வராததற்குக் கிடைக்கோட்டுக் கிணறும் நீரழுத்தத்தால் பாறையைப் பிளப்பதும் மருந்துகள். இரண்டுக்கும் மீண்டும் பணம் வேண்டும், நம்மிடம் அது இல்லை. இல்லாததற்கு மருந்தே கிடையாது. ஆனால் துளைப்பதற்கு முன்பே பெருமளவு கண்டுகொள்ள வழி உண்டு. ஆழம் குறைந்த, இறுகாத மணலும் அதைச் சூழ்ந்த சேறும் நிலஅதிர்வு எதிரொலியில் நன்றாகவே வேறுபடும். உள்ளே நிற்பது எண்ணெயா நீரா என்பதற்கும் சில இடங்களில் தடயம் கிடைக்கும். பாலை மணலில் இல்லைட் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதை எந்த எதிரொலியும் சொல்லாது.

அதனால், நல்ல முப்பரிமாண நிலஅதிர்வுத் தரவு கையில் இருந்தால் நான் ஆழ்கடல் மணலில் துளைப்பேன். மேட்டுக்குக் கீழே சுண்ணப்பாறையைத் துளைத்து ஏறும் பிளவு ஒன்றாவது படத்தில் தெரிய வேண்டும் என்பது என் நிபந்தனை. மரைனரைப் போல ஆழம் மிகக் குறைந்த ஓரத்தில் அமைந்த மேடாக இருந்தால் விலகிவிடுவேன். அங்கே எண்ணெய் வந்திருந்தாலும் தின்று மிச்சம் வைத்ததாகத்தான் இருக்கும். கிணற்றைக் கனமான வாய்க்கால் மணலின் நட்ட நடுவில் போடச் சொல்லிப் பங்குதாரர்கள் வற்புறுத்துவார்கள். அங்கே எண்ணெய் கிடைத்தால் வயல் முழுவதும் அதே தரம் என்று கணக்கு ஊதிவிடும். வாய்க்காலும் ஓரத்து ஏடுகளும் இரண்டும் அகப்படும் இடமாகச் சற்றே விளிம்பில், ஆனால் மேட்டின் எல்லைக்குள், போடுவேன்.

நல்ல தரவு இல்லை, பழைய இருபரிமாணக் கோடுகள் மட்டும்தான் என்றால் பாலை மணல். அந்த மணல் தன் வாழ்நாளில் எட்டிய உச்ச ஆழம் மிதமாக இருந்தது என்று காட்ட வேண்டும். அருகில் உள்ள பழைய கிணற்றின் ஊடுருவுதிறன் எண்களைத் தூக்கிக்கொண்டு வருபவரிடம், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: இந்த உருளையை எதில் உலர்த்தினார்கள், வெப்ப அடுப்பிலா?